மசலாவும் சவாலும்

முன்னுரை

இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வகைகளை நான் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டு அது. ‘ஆயிர மசலா’ எனக் கரும்பலகையில் எழுதினேன். “ஐயா, இது சமையல் நூலா?” என ஒரு மாணவர் வினவினார். நான் நகைத்தேன்; வகுப்பும் நகைத்தது. அவ்வாண்டு முடியும்வரை அம்மாணவர் மற்றொரு வினா எழுப்பவில்லை. அவர் வினாவில் இருந்த பிழை சிறிது. என் விடையில் இருந்த பிழை பெரிது எனப் பின்னரே உணர்ந்தேன். ஒன்றைத் தவறாக விளங்கிக்கொண்டவர்க்கு எவ்வாறு விடையிறுத்தல் வேண்டும் என்பதை நம் இலக்கிய மரபின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘மசலா’ என்பது ‘மஸ்அலா’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். வினா என்பது அதன் பொருள். கறிக்கு இடும் ‘மசாலா’வோ ‘மஸாலிஹ்’ என்னும் வேறோர் அரபுச் சொல்லின் வழிவந்தது. முன்னதில் உள்ள எழுத்து ‘ஸீன்’, பின்னதில் ‘ஸாத்’. தமிழில் இரண்டிற்கும் சகரமே நின்றது. ஆகவே அம்மாணவரின் மயக்கத்திற்கும் ஒரு காரணம் இருந்தது. அதனை எடுத்துரைத்திருப்பின் அன்று ஒரு நல்ல சொல்லாராய்ச்சிப் பாடம் நிகழ்ந்திருக்கும்.

‘சவால்’ என்னும் சொல்லும் ‘மஸ்அலா’ பிறந்த வேரிலிருந்து வந்ததே. உருதுவில் அதற்கு வினா என்பது பொருள். தமிழிலோ அறைகூவல் என வழங்குகின்றது. ஒருவர் வினாவாகக் கேட்பதை மற்றவர் அறைகூவலாகக் கொள்வதால் விளையும் பூசல்கள் எத்தனை! வகுப்பறையிலும் ஊர்க்கூட்டத்திலும் நாம் காண்பது இதுவே அன்றோ?

ஆயிர மசலா காட்டும் நெறி

வண்ணப்பரிமளப் புலவர் 1572ஆம் ஆண்டு இயற்றிய ஆயிர மசலா, முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அமைந்தது. அவர் நாயகத்திடம் மூன்று வினாக்கள் கேட்டதாக நபிமொழித் தொகுப்பு குறிக்கின்றது. இலக்கியத்தில் அவை பலவாய்ப் பெருகின. மலாய், ஜாவா மொழிகளிலும் இக்கதை வழங்குகின்றது.

வந்தவர் சோதிக்க வந்தவர். எனினும் அவர் இகழப்படவில்லை. வினாக்கள் முழுமையாகக் கேட்கப்பட்டன. ஒவ்வொன்றற்கும் விடை தரப்பட்டது. ஐயம் நீங்கிய பின்னரே அவர் உள்ளம் இசைந்தது. விடையினும் முன்னதாக அவர்க்குக் கிடைத்தது மதிப்பு என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

விடையிறுக்கும் வகை

வினா அறுவகைப்படும் என்பது நன்னூல். அறியாமல் வினவுவது ஒன்று. ஐயுற்று வினவுவது ஒன்று. அறிந்தே வினவுவது மற்றொன்று. எவ்வகை வினா எனத் தேராமல் விடை கூறின் அது குறி தப்பும்.

விடைக்கு மணிமேகலை நான்கு வழி கூறும். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன அவை. ‘மசலா என்பது வினாவா?’ எனின், ஆம் எனத் துணிந்து சொல்லலாம். ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்கள் எல்லாம் மொழிபெயர்ப்புகளா?’ எனின், கூறிட்டு மொழிதல் வேண்டும். அரபு, பாரசீகக் கதைகளைத் தழுவியவை உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் போல் அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் புதிதாகப் படைத்தவையும் உண்டு. வினா தெளிவற்றதாயின், ‘எந்நூலைக் கருதிக் கேட்கின்றீர்?’ என எதிர் வினவுதல் தகும். வானத்துப் பூ பழையதா, புதியதா என்பது போன்ற வினாவிற்கு வாய் வாளாதிருத்தலே விடை. இந்நான்கனுள் நகைத்தல் இடம்பெறவில்லை.

முடிவுரை

இப்பொழுது அப்பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ‘மசலா’, ‘மசாலா’ என இரு சொற்களையும் நானே அருகருகே எழுதிவிடுகின்றேன். எவரேனும் வினவுவாரா எனக் காத்திருக்கின்றேன். பிழையை நீக்குக, பிழைத்தவரை நீக்கற்க. சவாலாக வரும் சொல்லையும் மசலாவாக ஏற்பாரிடத்தில் அறிவு வளரும், உறவும் வளரும்.