மரம் வெட்டும் முன் எல்லையைப் பாருங்கள்

வீடு கட்டும் மனையில் பனை குறுக்கே நின்றால், 'நம் மனை, நம் மரம்' என்று உடனே வெட்டிவிடாதீர்கள்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. இடையஞ்சாவடி மனைக்கும் இதுதான்.

பக்கத்துப் புதுச்சேரி யூனியன் பிரதேசம். நம் ஆட்சியர் தரும் அனுமதி அங்கே செல்லாது, அங்குள்ள அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். ஓசூரைத் தாண்டிப் பெங்களூரு போனால், கர்நாடகத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்த வளாகத்து மரங்கள் பலவற்றுக்கும் மர அலுவலரின் அனுமதி தேவை; தென்னைக்கு விலக்கு உண்டு.

ஆகவே, உறவினர் ஊர் வழக்கத்தை நம்பிக் கோடரி எடுக்காதீர்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரியுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பனை பலன் தரப் பத்து ஆண்டுக்கு மேலாகும்; வெட்ட ஒரு மணி நேரம் போதும்.