நம்பிக்கைகளும் உண்மைகளும்: அக்கா மகளின் குறிப்பேடு

அக்கா மகள் பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறாள். கோடு எழுதியது போதும், இனி புராடக்ட் மேனேஜர் ஆகப்போகிறேன் என்று பொங்கல் லீவில் ஒரு குறிப்பேட்டோடு வந்து உட்கார்ந்தாள். முதல் பக்கம் முழுக்க இன்டர்வியூவுக்கான அறிவுரைகள்: சீனியர்கள் சொன்னது, யூடியூபில் பார்த்தது, பயிற்சி வகுப்பில் பணம் கட்டிக் கேட்டது. வாசிக்க வாசிக்க வீட்டு மருந்துப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. பாதிக்கு மேல் பொய்யென்று சொல்லிவிட முடியாது. ஏதோ ஒரு வருஷத்தில், ஏதோ ஒரு கம்பெனியில் வேலை செய்த மருந்துதான். அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் விழுங்குவதில்தான் வில்லங்கம்.

நம்பிக்கை: “தெரியாது” என்று சொன்னால் கதை முடிந்தது

உலகத்துக்கே தெரிந்த எதிர்சாட்சி ஒருவர் இருக்கிறார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகுளில் புராடக்ட் மேனேஜர் வேலைக்கான நேர்காணலுக்குப் போன நாள் 2004 ஏப்ரல் 1. ஜிமெயில் அறிவிக்கப்பட்டதும் அதே நாளில்தான். ஹாட்மெயில் 2 எம்பி, யாகூ 4 எம்பி இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 1 ஜிபி இலவசம் என்றால் யார் நம்புவார்கள்? ஏப்ரல் முட்டாள் வேடிக்கை என்றே அவரும் நினைத்திருக்கிறார். உள்ளே போனால், வந்தவர்கள் எல்லாம் “ஜிமெயில் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். பார்த்ததே இல்லை, என்னத்தைச் சொல்வது? நான்காவதாக வந்தவர்தான் “பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றதும் திரையில் திறந்து காட்டினார். ஐந்தாவது ஆள் கேட்டபோதுதான் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தாராம். 2017 ஜனவரியில், தான் படித்த கரக்பூர் ஐஐடி மாணவர்களிடம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னது இது.

இதைக் கேட்டுவிட்டு எதையும் பார்க்காமல் போய் நிற்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று ஜிமெயில் பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அழைப்பு இல்லாமல் உள்ளே நுழையவும் முடியாது. இன்று எவருடைய போனிலும் இருக்கும் செயலியைத் தொட்டுப் பார்க்காமல் போய்விட்டு “தெரியாது” என்றால் அதற்குப் பெயர் நேர்மை இல்லை, அலட்சியம்.

நம்பிக்கை: மூளையைக் கசக்கும் புதிர் கேட்பார்கள்

இது காலாவதியாகியே பல வருஷம் ஆயிற்று. ஃபூஜி மலையை எப்படி நகர்த்துவீர்கள் என்று மைக்ரோசாஃப்ட்டில் கேட்ட காலம் ஒன்று உண்டு. அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து வில்லியம் பவுண்ட்ஸ்டோன் 2003-ல் ஒரு புத்தகம் எழுதினார். கூகுளிலும் விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அங்கே மனிதவளத் துறையின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக்கே 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் போட்டு உடைத்தார்: இவையெல்லாம் நேர விரயம், வேலையில் யார் தேறுவார் என்று இவற்றை வைத்து ஒன்றும் கணிக்க முடியவில்லை, கேட்பவர் தன்னைக் கெட்டிக்காரராக நினைத்துக்கொள்ளத்தான் பயன்பட்டன.

இதோடு சேர்த்து உத்தேசக் கணக்கும் செத்துவிட்டது என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். அது வேறு ஜாதி. புராடக்ட் மேனேஜருக்கு அது தினசரிப் பிழைப்பு. அந்த ஜிமெயிலையே எடுத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேருக்கு ஆளுக்கு 1 ஜிபி கொடுப்பதாக வாக்குக் கொடுத்தால் முதல் நாளே பத்து லட்சம் ஜிபி வட்டு வாங்கிப் போட வேண்டுமா? ஒருவருக்கு நாளைக்கு 20 மடல் வருகிறது, ஒரு மடல் 50 கேபி என்று வைப்போம். நாளைக்கு 1 எம்பி. பெட்டி நிறைய ஆயிரம் நாள், கிட்டத்தட்ட 2 வருஷம் 9 மாதம். அதற்குள் வட்டின் விலை இறங்கிவிடும். ஆக, வாக்கு பெரிது, முதல் வருஷச் செலவு சிறிது. 20, 50 என்ற எண்கள் என் உத்தேசம். கொஞ்சம் தப்பாக இருந்தால் குடிமுழுகாது. எண்ணிலிருந்து “கொடுக்கலாம், துணியலாம்” என்ற முடிவுக்கு வரத் தெரிகிறதா என்பதைத்தான் எதிரே இருப்பவர் பார்க்கிறார். கோல்ஃப் பந்தை எண்ணி முடித்தபின் எடுக்க ஒரு முடிவும் இருக்காது.

நம்பிக்கை: கணினிப் பட்டம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்

கூகுள் தன் ஆரம்ப வருஷங்களில் இந்த வேலைக்குக் கணினி படித்தவர்களைத் தேடியது உண்மை. ஆனால் பிச்சை கரக்பூரில் படித்தது உலோகவியல். இன்றைய விளம்பரங்களில் பட்டம் “அல்லது அதற்கு நிகரான அனுபவம்” என்றுதான் இருக்கிறது. இந்த வேலையின் மூதாதையே சோப்புக் கம்பெனியில்தான் இருக்கிறது: 1931-ல் பிராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு சரக்குக்கும் அதையே கட்டிக்கொண்டு அழ ஓர் ஆள் வேண்டும் என்று எழுதிய மூன்று பக்கக் குறிப்பு.

நம்பிக்கை: சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் போதும்

குறிப்பேட்டில் இதற்கு மட்டும் நாலு பக்கம். லூயிஸ் லின் தன் புத்தகத்தில் சொன்ன “சர்க்கிள்ஸ்” சூத்திரம், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படி, வண்ணப் பேனாவில். சூத்திரம் கெட்டதில்லை, பதற்றத்தில் வழி தவறாமல் இருக்கக் கைப்பிடிச் சுவர் மாதிரி உதவும். சுவரைப் பிடித்தபடியே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை.

பழைய கேள்வி ஒன்றை அவளிடம் வைத்தேன். பார்வையற்றவர்களுக்கு ஓர் அலாரம் கடிகாரம் வடிவமைக்க வேண்டும். படிகளை மளமளவென்று ஒப்பித்து, அதிரும் கைப்பட்டையில் வந்து நின்றாள். “அலாரம் சத்தம்தானே போடுது? கண்ணு தெரியாதவங்களுக்குக் காது கேக்குமே?” என்றேன். முழித்தாள். அடிப்பதில் சிக்கல் இல்லை. நேரம் வைப்பதிலும், வைத்தது சரியா என்று பார்ப்பதிலும்தான் சிக்கல். அதற்கும் போன் பேசுகிறதே, ஐபோனில் 2009-லிருந்தே வாய்ஸ்ஓவர் இருக்கிறதே, தனிக் கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்தான் இந்த வேலைக்கு ஏற்ற ஆள். காதும் கேட்காதவர்களுக்கு என்றால் அதிர்வு வேண்டும். வெளிச்சமே உணராதவர்களில் பலருக்கு உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தோடு ஒட்டாமல் தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். அவர்களுக்கு எழுப்பிவிடும் கருவியைவிடத் தூங்கப் போகும் நேரம்தான் பெரிய பாடு. யாருக்காக என்ற ஒரே கேள்வியில் பொருளே மாறிவிடுகிறது. அந்தக் கேள்விக்குச் சூத்திரத்தில் ஒரு படி இருக்கத்தான் செய்கிறது. அவள் அதில் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

நம்பிக்கை: புராடக்ட் மேனேஜர் என்றால் குட்டி முதலாளி, அப்படித்தான் பேச வேண்டும்

பென் ஹோரோவிட்ஸ் 1990-களில் நெட்ஸ்கேப் நாட்களில் எழுதிய பயிற்சிக் குறிப்பில், நல்ல புராடக்ட் மேனேஜர் தன் பொருளின் தலைமை அதிகாரி என்று ஒரு வாக்கு விட்டார். அது இன்னும் ஓய்ந்தபாடில்லை. நிஜத்தில், கோடு எழுதுகிற பொறியாளர் புராடக்ட் மேனேஜரிடம் வேலை பார்ப்பவர் இல்லை, வரைகிறவரும் இல்லை. பிரம்பில்லாத வாத்தியார். அதனால்தான் “பொறியாளர் முடியாது என்றபோது என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வி வந்தே தீரும்.

அமேசானில் ஏறக்குறைய எல்லாச் சுற்றும் இந்த மாதிரிக் கதை கேட்பதுதான். 14 ஆக இருந்து 2021-ல் 16 ஆன தலைமைக் கொள்கைகளைக் கேட்பவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த 16-ஐத் திருக்குறள் மாதிரி ஒப்பிப்பதில் பிரயோஜனம் இல்லை. நம் பிள்ளைகள் வழுக்குவது வேறோர் இடத்தில்: அடக்கமாக வளர்த்துவிட்டோம், “நாங்க பண்ணினோம்” என்றே வாய் வருகிறது. “அதில் நீங்கள் செய்தது என்ன?” என்று இரண்டாம் முறை கேட்கும்போதும் “டீம்தான் சார்” என்றால் எழுதிக்கொள்ள அவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

நம்பிக்கை: எத்தனை சுற்றோ அத்தனை நல்லது, கடைசி ஆள் சிரித்தால் வேலை உறுதி

கூகுளே தன் பழைய நேர்காணல்களைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், எடுக்கலாமா வேண்டாமா என்பதை நான்கு பேர் பார்த்தாலே 86 சதவீத உறுதியோடு சொல்லிவிடலாம் என்று தெரிந்தது. அதற்கு மேல் போடும் சுற்றுகளால் கூடும் தெளிவு சொற்பம். சிரிப்புச் சமாசாரம் இன்னும் மோசம். கூகுள் வழக்கப்படி உங்களைப் பார்த்தவர் எழுதுவதோடு சரி. உங்கள் முகம் பார்க்காத ஒரு குழு அதை வாசித்துத்தான் முடிவுக்கு வரும். அமேசானில் ஆள் தேவைப்படும் அணிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், அங்கே அவருக்கு “பார் ரெய்சர்” என்று பெயர், உள்ளே உட்கார்ந்திருப்பார். வேண்டாம் என்று நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு.

மாசியில் அவளுக்கு ஒரு பெரிய கம்பெனியில் நேர்காணல் வந்தது. முடிந்த கையோடு போன். “மாமா, கடைசி ஆளு என் மூஞ்சியையே பாக்கல. நான் பேசப் பேச டக்கு டக்குனு டைப் பண்ணிட்டே இருந்தாரு. போச்சுன்னு நெனைக்கிறேன்.”

“முன்னாடி வந்தவரு?”

“அவரு நல்லா சிரிச்சுப் பேசினாரு. ஒண்ணுமே எழுதல.”

எனக்கு அந்தச் சிரித்தவரை நினைத்துத்தான் பயம்.