கம்ப்யூட்டர் டிகிரின்னா டைப்பிங் இல்லை

“ஆறு மாசம் கம்ப்யூட்டர் கிளாஸ் போதாதா, மூணு வருஷம் எதுக்கு?” என்று கூட்டத்தில் கேட்கிறோம். கிளாசில் கணினியை இயக்கப் பழகலாம். பி.எஸ்சி. கணினி அறிவியலில் அதற்கு வேலை சொல்லக் கற்பார்கள். நம் குழுவில் மாதாமாதம் வட்டிக் கணக்குப் போடுகிறோமே! மீதிக் கடன் எவ்வளவு, அதற்கு வட்டி என்ன, பாதியில் அடைத்தால் எப்படி என்று ஒருமுறை விடுபடாமல் படிப்படியாக எழுதிக் கொடுத்தால், 1,500 பேருக்கும் கணினியே போட்டுவிடும். அப்படி எழுதுவதுதான் புரோகிராம். ஒரு படி தப்பினால் எல்லார் கணக்கும் தப்பு. பொறுமை வேணும்.

பி.இ. படிக்க 4 வருஷம். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்கணும். அதனால் பத்தாவது முடிந்து குரூப் எடுக்கும்போதே மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. லேப்டாப் இல்லையே என்று தயங்க வேண்டாம், கல்லூரியில் லேப் இருக்கு.