டயரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் பின் டயரை நானே மாற்ற முடியுமா? (வாசகர், செம்பூர்)

பதில்: தாராளமாக. அது ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர், 18 அங்குலம். மெஷின் வேண்டாம். டயர் லீவர் மூன்று, சோப்புத் தண்ணீர், வால்வ் கழற்றும் சாவி போதும். புது டயரை மொட்டைமாடி வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள், ரப்பர் இளகும். வேலையைச் சொசைட்டி பார்க்கிங்கில் செய்வதானால் செயலாளரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்!

இதில் பலத்துக்கு வேலை குறைவு. ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே, டயர் விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்குங்கள். இந்தப் பக்கம் தானாகத் தளரும். அதைச் செய்யாமல் லீவரோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் புது ட்யூபைக் கடித்துக் கிழிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் அகலம் மட்டும் நெம்புங்கள். சக்கரத்தை டிஸ்க் தரையில் படும்படி கிடத்தாதீர்கள். சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பெடலை மிதிக்கவும் கூடாது.

மாட்டுவதற்கு முன் டயருக்குள் கையால் தடவி முள், ஆணி பாருங்கள். டயர் மேலுள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். ட்யூபில் உருவம் வரும் அளவுக்குக் காற்றடித்து உள்ளே விட்டு, வால்வ் பக்கத்தில் முடியுங்கள்.

சக்கரத்தை வண்டியில் மாட்டியதும் செயின் தொய்வைச் சரிபாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், ஆக்சில் நட்டை மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் ஏறுங்கள்.