ஐந்தொகையும் உண்மை மதிப்பும்

ஒரு கம்பெனியின் மதிப்பு யாதெனின், ஆஸ்தியினின்று கடனைக் கழித்து வருவதே என்று அங்கத்தினர் பலர் விடையளிப்பர். ஐந்தொகையில் கண்ட ஆஸ்தி உள்ளபடி இருக்கின்றதா என்பதன்றோ முதற்கேள்வி!

ஐதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனி, 2008 செப்டம்பர் 30ந் தேதி ஐந்தொகையில் ரொக்கமும் பாங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டியிருந்தது. அதில் 5,040 கோடி இல்லாத பணமென்று 2009 ஜனவரி 7ந் தேதி அதன் தலைவரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். பங்கின் விலை அன்றே முக்கால் பாகத்துக்குமேல் வீழ்ந்தது. ஆண்டுதோறும் தணிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்குத்தான்!

நம் நெசவாளர் சங்கங்களிலோ, ரொக்கத்தினும் சரக்கிருப்பே ஐயத்திற்கு இடந்தருவதாக நாம் காண்கிறோம். 900 ரூபாய் அடக்கமான சேலை மூன்றாண்டு தேங்கி, இன்று 500 ரூபாய்க்கே விலைபோகுமாயின், கணக்கில் 500 என்றே எழுதல் வேண்டும். அடக்கவிலை, விற்றுக் கைக்கு வரும் விலை ஆகிய இரண்டில் குறைந்ததே கொள்ளத்தக்கது. அத்தகைய சேலை 200 இருப்பின் 80,000 ரூபாய் நஷ்டம். அதனை மறைத்துப் பங்காதாயம் வழங்குவது, மூலதனத்தையே பிரித்து உண்பதாகும்.

மார்ச் 31ந் தேதி இருப்பெடுக்குங்கால் அங்கத்தினர் இருவரேனும் கிடங்கில் உடனிருந்து, சேலையின் மடிப்பை விரித்துப் பார்ப்பாராக.