மருந்து என்னும் விஷம்



போடிநாயக்கனூரில் பொழுது விடியுமுன்னே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஒருத்தி, இரண்டாம் முறை கரு கலைந்து வார்டில் படுத்திருந்தாள். "ஐயா, நான் என்ன பாவம் செய்தேன்? மாமியார் என்னை ராசியில்லாதவள் என்கிறார்" என்று அழுதாள்.

மனங்கசந்து ஜெபித்த அன்னாளை, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி நினைத்தான். விசாரியாமல் தீர்ப்புச் சொல்வது நமக்கும் சுலபம். ஆகையால் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டேன்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியிலிருந்து புறப்படும் சரத்தில் காய்க்கிறது. இலைப்பேனுக்கும் தண்டு துளைக்கும் புழுவுக்கும் அடிக்கிற பூச்சிமருந்து அந்தச் சரத்திலும் தூரிலும் படிகிறது. பெண்கள் அங்கேயே குனிந்து, வெறுங்கையால் காய் எடுக்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை விஷங்கள் மூச்சு வழியாக மாத்திரமல்ல, தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். மருந்து பட்டு நனைந்த சேலையை மாற்றாமல் இருந்தால் ஆபத்து அதிகம்.

குழந்தையின் மூளை, இருதயம், கைகால்கள் உருவாவது கருத்தரித்த 3-ஆம் வாரம் முதல் 8-ஆம் வாரம் வரை. அந்நாட்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பவதிகள் என்பதே தெரியாது. எனவே, கர்ப்பம் என்று தெரிந்தபின் கவனிப்போம் என்பது காலந்தாழ்ந்த கவனம்.

கரு கலைய வேறு காரணங்களும் உண்டு. இவளுக்கு இதுதான் காரணம் என்று எவரும் உறுதியாய்ச் சொல்ல முடியாது. ஆனால் ராசி காரணமல்ல என்று உறுதியாய்ச் சொன்னேன்.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மேல் 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளித்தார்கள். கருச்சிதைவுகளையும் ஊனமாய்ப் பிறந்த பிள்ளைகளையும் குறித்து அவ்வூரார் பல ஆண்டுகள் முறையிட்டனர். 2011 மே 13-இல் உச்ச நீதிமன்றம் அதை நாடெங்கும் தடை செய்தது. 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது.

பெண்ணை மாத்திரம் மலடி என்பதும் அநியாயம். 1977-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த ஆண்களுக்கே விந்தணுக்கள் குறைந்தும் அற்றும் போனது பரிசோதனையில் வெளிப்பட்டது.

செய்யவேண்டியவை:

1. டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், பின்பு நீலம், பச்சை.
2. மருந்து அடித்த பாத்தியில், டப்பாவில் குறித்த காலம் முடியும்வரை காய் எடுக்க வேண்டாம்.
3. கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியவேண்டும். சாப்பிடுமுன்னும், குழந்தைக்குப் பால் கொடுக்குமுன்னும் சோப்பினால் கழுவவேண்டும்.
4. வேலைத்துணியைத் தனியே துவைக்கவேண்டும். மருந்து அடிக்கும் கணவனும் குளித்தபின்பே பிள்ளையைத் தூக்கவேண்டும்.
5. காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்கக்கூடாது.

பிரியமானவர்களே, உங்களில் சிலருக்கு ஏலத்தோட்டம் உண்டு. சிலர் காய் வியாபாரம் செய்கிறீர்கள். கையுறை வாங்கிக்கொடுப்பதும், மருந்து அடித்த நாளில் பெண்களுக்கு வேறு வேலை கொடுத்துக் கூலியைக் குறைக்காதிருப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. நாள் தள்ளிப்போன ஒரு பெண் அதைச் சொல்லத் தயங்குவது, அன்றைய கூலி போய்விடுமே என்ற பயத்தினால்தான். அந்தப் பயத்தை நீக்குங்கள்.