நாளைக்குள் முடிந்திருக்கும்

புதுச்சேரி

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லியோனில் வகுப்புகள் பிடித்திருக்கின்றன என்று படித்து மகிழ்ந்தேன். பேராசிரியருக்கு நீ எழுதிய மடலையும் அவர் போட்ட திருத்தத்தையும் அனுப்பியிருந்தாய். "அறிக்கையை முடித்ததும் அனுப்புகிறேன்" என்பதை எழுத நினைத்து, 'முடித்ததும்' என்ற இடத்தில் நிகழ்காலத்தை வைத்துவிட்டாய். அவர் அதை அடித்து, ஓரத்தில் 'ஃப்யூத்யூர் ஆன்தேரியர்' என்று எழுதியிருக்கிறார். இந்தக் காலம் எனக்கு வரவே வராது போலிருக்கிறது என்று நீ சோர்ந்து எழுதியதற்குத்தான் இந்தப் பதில்.

முதலில் ஒன்று சொல்கிறேன். இந்தக் காலத்துக்குள் ஆங்கிலத்தின் வழியாக நுழையாதே, தமிழின் வழியாக வா. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு நிகழ்காலமே போதும். நீ பள்ளி முழுக்க ஆங்கிலத்தில் படித்தவள், அதனால் கை தானாக அங்கே போகிறது. தமிழில் அப்படியா சொல்கிறோம்? அறிக்கை இன்னும் முடியவில்லை, நாளைதான் முடியும். ஆனாலும் 'முடித்ததும்' என்று இறந்தகால உருவத்தைத்தான் போடுகிறோம். அனுப்பும் நேரத்தில் முடிப்பது நடந்து முடிந்த செயலாக இருக்கும் என்று நம் மொழி கணக்கு வைத்திருக்கிறது. பிரெஞ்சும் அதே கணக்கைக் கேட்கிறது. "கான் ழொரே ஃபினி ல ரப்போர், ழ வூ லான்வெரே." நாளை நடக்கப்போகும் இரண்டில் எது முந்தி முடியும் என்று சொல்வதே இந்தக் காலத்தின் வேலை.

அமைப்பைப் பார். 'வந்திருப்பேன்' என்பதைப் பிரித்தால் 'வந்து' என்ற முடிந்த செயலும் 'இருப்பேன்' என்ற எதிர்காலமும் கிடைக்கும். பிரெஞ்சிலும் இரண்டே பகுதிகள்தான். அவ்வார் அல்லது எத்ர் என்ற துணைவினை எளிய எதிர்காலத்தில் நிற்கும், அதன் பின்னால் முடிந்த செயலைச் சொல்லும் பார்த்திசிப் பாசே வரும். அவ்வாருக்கு ழொரே, த்யூ ஒரா, இல் ஒரா, நூஸொரோன், வூஸொரே, இல்ஸொரோன். எத்ருக்கு ழ ஸெரே, த்யூ ஸெரா, இல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன். இந்த விகுதிகளை மனப்பாடம் செய்யத் தனியாக உட்கார வேண்டாம். லத்தீனின் பிற்காலப் பேச்சில் வினையோடு 'ஹபேரே' என்ற சொல்லைச் சேர்த்து எதிர்காலத்தைச் சொன்னார்கள். அந்தச் சொல்தான் பிரெஞ்சில் அவ்வார் ஆனது. ஆகவே எதிர்கால விகுதிகள் எல்லாம் அவ்வாரின் நிகழ்கால உருவங்களின் வால்கள். நிகழ்காலம் தெரிந்தவளுக்கு இவையும் தெரியும்.

தமிழ் உன்னை வாசல் வரை கொண்டு வந்துவிடும். அதற்கு மேல் நீயே கவனமாக நடக்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, துணைவினையைத் தேர்ந்தெடுப்பது. தமிழில் எல்லா வினைக்கும் 'இரு' ஒன்றே போதும். பிரெஞ்சில் போ, வா, வந்துசேர், புறப்படு, பிற, இற, விழு, தங்கு போன்ற சில வினைகளுக்கும், தன்னைத்தானே குறிக்கும் 'ஸ' சேர்ந்த வினைகள் எல்லாவற்றுக்கும் எத்ர் வரும். மற்றவற்றுக்கு அவ்வார். இயக்கத்தைச் சொல்லும் வினை எல்லாம் எத்ர் என்று நினைத்துவிடாதே. நடப்பதும் ஓடுவதும் அவ்வாரைத்தான் எடுக்கும். 'தெஸான்த்ர்', 'மோந்தே' போன்ற வினைகள் இரண்டு பக்கமும் போகும் என்று உன் தோழிகள் குழம்புவார்கள். உனக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். நாம் இறங்குகிறோம், பெட்டியை இறக்குகிறோம். நாம் ஏறுகிறோம், பெட்டியை ஏற்றுகிறோம். இறங்கும்போதும் ஏறும்போதும் எத்ர், இறக்கும்போதும் ஏற்றும்போதும் அவ்வார். "ழ ஸெரே தெஸாந்த்யூ" என்றால் நான் இறங்கியிருப்பேன். "ழொரே தெஸாந்த்யூ லெ வலீஸ்" என்றால் பெட்டிகளை இறக்கியிருப்பேன். தன்வினை, பிறவினை என்று எட்டாம் வகுப்பில் படித்தாயே, அது இங்கே உதவும்.

இரண்டாவது, பொருத்தம். எத்ர் வந்தால் பார்த்திசிப் பெரும்பாலும் எழுவாயோடு பொருந்த வேண்டும். நீ பெண், ஆகவே "நான் புறப்பட்டிருப்பேன்" என்று எழுதும்போது 'பார்த்தி' என்பதன் கடைசியில் ஓர் 'ஈ' எழுத்து சேரும். காதில் விழாது, தாளில் இருந்தாக வேண்டும். அவ்வார் வந்தால் எழுவாயோடு பொருத்தம் இல்லை. செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்தால் மட்டும் அதனோடு பொருந்தும். 16ஆம் நூற்றாண்டில் க்ளெமான் மரோ என்ற கவிஞர் இத்தாலிய வழக்கைக் காட்டிப் பரப்பிய விதி இது. இன்றும் பிரெஞ்சுப் பிள்ளைகள் இதில் தடுக்கி விழுகிறார்கள். "நான் எழுதியிருக்கப்போகும் கடிதங்கள்" என்பதற்கு "லெ லெத்ர் க ழொரே ஏக்ரீத்". கடிதங்கள் பெண்பால், பன்மை, வினைக்கு முன்னால் வந்துவிட்டன. அதனால் 'ஏக்ரி' என்பது 'ஏக்ரீத்' ஆயிற்று. இப்படிக் காதில் கேட்கும் எடுத்துக்காட்டுகளாகத் தேடிச் சேர்த்துக்கொள். காது பழகினால் கையும் பழகும்.

மூன்றாவதில் தமிழே உன்னை வழி தவறவைக்கும். "நாளை ஆறு மணிக்குள் வந்திருப்பேன்" என்கிறோம். "நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" என்றும் சொல்கிறோம். முதலாவது நடக்கப்போவது. இரண்டாவது நடக்காமலே போனது. தமிழில் இரண்டுக்கும் உருவம் ஒன்று. பிரெஞ்சில் இரண்டாவதற்குக் கோந்திஸியோனெல் பாசே வர வேண்டும். எழுத்தில் வித்தியாசம் 'ழ ஸெரே'யின் கடைசியில் வரும் ஓர் 'எஸ்' மட்டுமே. பலருடைய பேச்சில் அந்த வித்தியாசம் கேட்பதும் இல்லை. சந்தேகம் வந்தால் 'நான்' என்பதை எடுத்துவிட்டு 'நாம்' என்று வைத்துச் சொல்லிப் பார். 'நூ ஸெரோன்' பொருந்தினால் எஸ் வேண்டாம், 'நூ ஸெரியோன்' பொருந்தினால் எஸ் வேண்டும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படித்துக்கொள். 'சொன்னால்', 'வந்தால்' என்பது போல நிபந்தனைப் பொருளில் வரும் 'ஸி'க்குப் பின்னால் ஃப்யூத்யூர் ஆன்தேரியர் ஒருபோதும் வராது. கான், தே க, ஆப்ரே க, யூன் ஃபுவா க, தான் க ஆகியவற்றுக்குப் பின்னால் வரும். "சாப்பிட்டு முடிக்காத வரை வெளியே போகக் கூடாது" என்று சின்ன வயதில் உன்னைத் தடுத்தேனே, அதைப் பிரெஞ்சில் சொல்ல 'தான் க'வும் ஃப்யூத்யூர் ஆன்தேரியரும் வேண்டும். எதிர்மறையின் 'ந', 'பா' இரண்டும் துணைவினையைத்தான் இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும், பார்த்திசிப்பை அல்ல.

இனி இந்தக் காலத்தின் அழகுக்கு வருகிறேன். இது நாளையை மட்டும் சொல்வதில்லை. நண்பன் வரவில்லை. "ரயிலைத் தவறவிட்டிருப்பான்" என்று நாம் ஊகிக்கிறோம். பிரெஞ்சுக்காரரும் "இல் ஒரா மான்கே ல த்ரேன்" என்பார். நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகத்துக்கு எதிர்காலத்தின் துணை. அன்றாடப் பேச்சில் அவர்கள் 'துவார்' என்ற வினையை வைத்து ஊகிப்பதே அதிகம். எழுத்தில் இந்த உருவத்தைக் காண்பாய். கட்டுரை எழுதுகிறவர் "நீங்கள் கவனித்திருப்பீர்கள்" என்று வாசகரை மரியாதையோடு தன் பக்கம் அழைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதுவே அங்கே "வூ லொரே ரெமார்கே". "நீங்கள் மறந்திருப்பீர்கள்" என்றால் "மறந்துவிட்டீர்கள்" என்பதில் உள்ள குற்றச்சாட்டு தணிகிறது. பிரெஞ்சிலும் அப்படித்தான். அலுவலகத்தில் உனக்கு இது மிகவும் பயன்படும்.

தமிழில் நேரடி இணை இல்லாத ஒரு பயனும் உண்டு. செய்தித்தாள்களில் அதை அடிக்கடி பார்ப்பாய். எடுத்துக்காட்டாக, பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை 1944 ஏப்ரலில் பிறந்த ஆணையால் கிடைத்தது. அவர்கள் முதலில் வாக்களித்தது 1945 ஏப்ரல் நகராட்சித் தேர்தலில். இதை எழுதும் ஒருவர், "இல் ஒரா ஃபால்யூ ஆதான்த்ர் 1944" என்று தொடங்குவார். 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது செய்தி. அதை எதிர்கால உருவத்தில் சொல்லும்போது, எழுதுகிறவர் அந்த நெடுங்காலத்தை முழுதாகப் பார்த்து, கூட்டிக் கழித்து, முடிவைச் சொல்கிறார். அந்தத் தொனியில் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. இதைக் கண்டால் எதிர்காலம் என்று மயங்காதே. சேர்ந்திருக்கும் ஆண்டைப் பார், பொருள் விளங்கிவிடும்.

படிக்கும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேசை மேல் வினைத்திரிபு நூலான பெஷெரெல் ஒன்று இருக்கட்டும். பார்த்திசிப்பில் சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் திறந்து பார். மொரீஸ் க்ரெவீஸ் 1936இல் வெளியிட்ட 'ல போன் யூஸாஜ்' உன் நூலகத்தில் இருக்கும். அது முதல் நாளே படிக்கும் நூல் அல்ல. ஏன் என்று கேள்வி எழும்போது போய்த் திறக்க வேண்டிய நூல். அட்டவணையை ஒப்பித்துவிட்டு விஷயம் தெரிந்துவிட்டது என்று இருக்காதே. தினமும் தூங்கும் முன், மறுநாள் மாலைக்குள் நீ முடித்திருக்கப்போகும் மூன்று காரியங்களைப் பிரெஞ்சில் எழுது. ஒன்று அவ்வாரோடு, ஒன்று எத்ரோடு, ஒன்று 'ஸ' சேர்ந்த வினையோடு. எழுதியதை வாய்விட்டுச் சொல். மறுநாள் இரவு அதே வரிகளை இறந்தகாலமாக மாற்று. முடியாமல் போனதற்கு ஏன் முடியவில்லை என்று ஒரு வரி சேர். மொழியும் வளரும், நாளும் ஒழுங்காகும்.

உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். வேற்று மொழியில் ஒரு விதி கடினமாகத் தோன்றினால், அது கேட்கும் பொருளை உன் தாய்மொழி எப்படிச் சொல்கிறது என்று முதலில் பார். ஒத்துப்போகும் இடத்தில் தைரியமாக நட, பிரியும் இடத்தைக் குறித்து வைத்துக்கொள். தமிழ் நன்றாகத் தெரிந்தவளுக்குப் பிரெஞ்சு பாதி வழியாவது எதிரே வந்து நிற்கும். வேளைக்குச் சாப்பிடு. அடுத்த கடிதத்தை முழுவதும் பிரெஞ்சிலேயே எழுது, திருத்தி அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பாட்டி